வாயில் குண்டூசி

அக்கா தம்பியின் சாம்பல் நிறப் பேண்ட்டை உட்புறம் திருப்பிப் போட்டு, இடுப்புப் பட்டியின் தையலை பிளேடு முனையால் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடல் புறப்படும். அதற்குள் உடுப்பு போய்ச் சேர வேண்டும்.

"பின்பக்கமா ஒரு ஊக்கு குத்தினா போதுமாம். படுத்திருக்கிறவனுக்கு முன்பக்கம்தானே தெரியும்னு பிணவறை ஆள் சொல்றான்," என்றார் அவள் கணவர்.

"ஊக்கு குத்தின பேண்ட்டோட அனுப்புறதுக்கா நான் டெய்லரா இருக்கேன்? அளவைச் சொல்லுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். "முப்பது. ரெண்டு தடவை அளந்தேன்."

டேப்போடு ஒரு காலி மாத்திரை அட்டையும் பாதி வெளியே வந்தது. அவசரமாக உள்ளே தள்ளினார். நேற்றுக் காலை கதவை உடைத்தபோது தம்பியின் தலையணைக்கு அடியில் கிடந்தது அது. அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா முன்னறையில் வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் விட்டுட்டான். கடைசியில அந்த மருந்தைக்கூட விட்டுட்டான். சுத்தமா இருந்தான் என் புள்ள. நெஞ்சுதான் தாங்கல."

தம்பி தகரக் கூரை போடுகிறவன். மூன்று வருடங்களுக்கு முன் கூரையிலிருந்து விழுந்தான். முதுகு வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் அவனை விடவில்லை. அது இல்லாத நாளில் உடம்பு நடுங்கியது, வயிறு கலங்கியது, பெற்ற தாயிடமே எரிந்து விழுந்தான்.

கடையைச் சாத்திவிட்டு அக்காதான் அவனை இழுத்துக்கொண்டு அலைந்தாள். முதல் கிளினிக்கில் வாசலோடு அனுப்பினார்கள். இரண்டாவதில் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மூன்றாவதில் போர்டு இருந்தது, டாக்டர் இல்லை. நான்காவது, கண்ணாடிக் கடைக்கு மேலே குறுகலான படியேறிப் போகும் இடம். அங்கேதான் பழைய மாத்திரையின் ஏக்கத்தை அடக்க, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"சர்க்கரை மாத்திரை சாப்பிடுறவங்களை இப்படிக் கேப்பீங்களாம்மா? நாங்க சொல்ற வரைக்கும். தானா நிறுத்தக் கூடாது."

எட்டு மாதம் சாப்பிட்டான். அந்த மாத்திரை கரையப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை பேசக் கூடாது. வீட்டில் அதற்கு மௌன விரதம் என்று பெயர் வைத்தார்கள். அவன் மறுபடி கூரை ஏறினான். சதை போட்டது. இடுப்பு முப்பத்திமூன்று ஆனது. "உனக்குப் பேண்ட்டை விரிச்சே என் கடை ஓடுது," என்று அக்கா கேலி செய்தாள்.

ஆனால் பார்க்கிறவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "விட்டாச்சா?" ஆமாம் என்றால், "அப்ப அது என்ன மாத்திரை?" என்று அடுத்த கேள்வி வரும். அவள் கணவர்கூட ஒருநாள், "பீடியை விட்டுட்டு சிகரெட்டுக்கு மாறின கதைதான் மாப்ள," என்று சிரித்தார். தம்பியும் சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் காலை அவளே கேட்டாள். "இதையும் எப்பதான்டா விடப் போற?"

அவன் அப்போதுதான் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்தான். பதில் சொல்ல முடியவில்லை. அவளை வெறுமனே பார்த்தான். அவள் பத்து நிமிடம் காத்திருக்கவில்லை, கடைக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த வாரம், "விட்டாச்சுக்கா, அதையும்," என்றான். அம்மா எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

மெஷின் மேல் கிடந்த தம்பியின் போன் அடித்தது. அக்கா எடுத்தாள்.

"கிளினிக்ல இருந்து பேசுறேன், நர்ஸ். தம்பி இருக்காரா?"

"நான் அக்கா."

"ஓ, நீங்களா! ஆறு வாரமா ஆளைக் காணோமேக்கா. போனும் எடுக்கல. திட்டுவோம்னு பயப்படுறாரோ என்னமோ. ஒண்ணும் சொல்ல மாட்டோம், வரச் சொல்லுங்க, மறுபடி ஆரம்பிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, பழைய மாத்திரை பக்கம் மட்டும் போயிடக் கூடாது. உடம்புக்கு இப்ப அந்தப் பழக்கம் போயிருக்கும். முன்னாடி போட்ட அளவைப் போட்டா மூச்சே நின்னுடும். மறக்காம சொல்லிடுங்க."

அக்கா கையிலிருந்த பிளேடை மேஜையில் வைத்தாள்.

"சொல்றேன்," என்றாள்.

போனை வைத்துவிட்டுக் குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் கவ்வினாள். இடுப்புப் பட்டியை மடித்தாள். முன்பு அவளே பிடித்துத் தைத்த கோடு அதில் தெரிந்தது.

ஒரு மாதம் முன்பு இதே பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து நின்றான். "அக்கா, ஒரு இஞ்ச் பிடிச்சுக் குடேன், நழுவுது." அவள் மண்டியிட்டு இடுப்பைச் சுற்றி ஊசி குத்தினாள். துணி தளர்ந்திருந்தது, அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவனும் குனிந்து பார்த்தான். அவள் வாய் நிறைய குண்டூசி. எடுத்துவிட்டுக் கேட்டிருக்கலாம். வெளியே இரண்டு பேர் ரவிக்கைக்குக் காத்திருந்தார்கள்.

இப்போது இரண்டு அங்குலம். மெஷின் ஓடி நின்றது. நூலைக் கத்தரித்து, மடிப்பு கலையாமல் இஸ்திரி போட்டு, மடித்து வைத்தாள். வாயிலிருந்த ஊசிகள் எல்லாம் ஊசி குத்தி வைக்கும் திண்டுக்குத் திரும்பிவிட்டன.

"வண்டி கிளம்பணும்," என்று கணவர் பேண்ட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அம்மா அறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் புதிதாக வந்த இரண்டு பெண்கள்.

"நீயே சொல்லுடி இவங்ககிட்ட. நான் சொன்னா பெத்தவ சொல்றான்னு நினைப்பாங்க. நீதானே கூட்டிட்டு அலைஞ்ச, உனக்குத்தானே தெரியும். அந்த மருந்தைக்கூட விட்டுட்டான்ல?"

மூவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

மேஜையில் தைப்பதற்கு எதுவும் இல்லை. அக்கா திண்டிலிருந்து ஒரு குண்டூசியை உருவி, உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.