சட்டைப் பையில் என் குரல்

என் வீட்டுக்காரர் சேதுபதிக்கு ஒரு கெட்ட பழக்கம். போனைப் பையில் போடுமுன் திறந்திருக்கும் ஆப் அத்தனையையும் தள்ளி மூடிவிடுவார். கேட்டால், "சார்ஜ் போயிரும்ட்டி" என்பார். யானை வந்தால் சத்தம் போடும் ஆப்பையும் அப்படித்தான் மூடுவார். கான்சாபுரத்தில் மலையடியில் எங்களைப்போலத் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து கேமரா மாட்டி, ராஜபாளையம் செல்போன் கடை ஜோயலை வைத்து ஏற்பாடு செய்த ஆப் அது. மூடிவிட்டால் எங்கிருந்து சத்தம் வரும்?

"அந்தத் தோப்பு மோட்டார் ரூம்ல படுக்காதிய" என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. "அப்ப யானையோடயே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி காளிராஜ் வீட்டுக்கு வந்துவிட்டேன். போனில்கூடப் பேசவில்லை.

நேற்றுச் சாயங்காலம் என் போனில் இருக்கும் அதே ஆப்பில் யானை மணி அடித்தது. எங்கள் தோப்புதான். அவருக்கு அடித்தேன், அடித்தேன், எடுக்கவே இல்லை. சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்குவார் பாவி மனுஷன்.

"ஏலே, வண்டிய எடுலே!" என்று தம்பியை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ரோட்டிலிருந்தே தெரிந்தது. மோட்டார் ரூம் சரிந்து கிடந்தது. ஐயோவென்று கத்தப் போனேன். பார்த்தால் ரோட்டோரம், காலில் செருப்புகூட இல்லாமல் நிற்கிறார்.

"எப்படி வெளிய வந்திய?"

"நீதானட்டி கூப்பிட்ட."

"நானா? நான் எங்க கூப்பிட்டேன்?"

அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து நானே கத்தினேன்: "சோறு ஆறுது, எந்திரிச்சு வாரியளா இல்லையா!"

என்றைக்கோ வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பிய ஏச்சு.

"வெறும் மணி அடிச்சா எந்திரிக்க மாட்டேன்னு, யானை வந்தா இது கத்துற மாதிரி ஜோயல்ட்ட போடச் சொன்னேன். நான் மூடினாலும் உள்ளுக்குள்ள ஓடுற மாதிரி வச்சிருக்கான், சைலண்ட்லயும் கத்துது. தூக்கத்துல அதெல்லாம் ஞாபகமா வருது? நீ வந்துட்டன்னு நெனச்சு ரோட்டுக்கு ஓடியாந்தேன்."

அப்போது தென்னைகளுக்குள்ளிருந்து யானைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஓடையைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பின. நடுவில் ஒரு குட்டி, தாயின் காலோடு ஒட்டிக்கொண்டு. அம்புட்டுப் பெரிய உடம்புகளுக்குக் காலடிச் சத்தமே இல்லை. என் குரல் மட்டும் பைக்குள் கத்திக்கொண்டே இருந்தது.

கடைசி யானையும் மறைந்த பிறகு சத்தம் நின்றது. அவர் ஏதோ கேட்க நினைத்து என்னைப் பார்த்தார்.

"சோறு ஆறல," என்றேன். "இனிமேத்தான் உலை வைக்கணும். வாங்க வீட்டுக்கு."