தட்டு வைத்து அழைத்த ஆட்டம்

வெள்ளத்தாய் தன் தம்பி சோலைச்சாமியோடு பேச்சை நிறுத்தியதற்கு நிலமோ நகையோ காரணமில்லை, ஒரு படம்தான் காரணம். தம்பி மகள் மாரீஸ்வரிக்குக் கல்யாணம் வைத்தபோது, பத்திரிகையைப் போட்டோ பிடித்து, பின்னால் நாதஸ்வரத்தை ஊதவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அதையாவது பொறுத்திருப்பாள். அதே தம்பி, பேங்க் மேனேஜர் வீட்டுக்கு மட்டும் வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டு தூக்கிக்கொண்டு நேரில் போய் அழைத்துவிட்டு வந்த சங்கதி, தம்பி இருக்கிற மம்சாபுரத்திலிருந்து அவள் வாழ்க்கைப்பட்ட மடவார் வளாகத்துக்கு வந்து சேர்ந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"மேனேஜருக்குத் தட்டு, கூடப் பிறந்தவளுக்குப் படமா? அந்தப் படத்தையே மணவறையில உக்கார வைக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கும் போகவில்லை. அவள் புருஷன் பால்ச்சாமி, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், எத்தனையோ எல்லையைக் காவல் காத்தவர். அந்தக் கல்யாணப் பாயசத்தை நினைத்து இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறார்.

இதற்கிடையில்தான் ராஜபாளையத்தில் டென்னிஸ் போட்டி வந்தது. உள்ளூர்ப் பொங்கல் விளையாட்டு இல்லை, ஆட்டத்தையே பிழைப்பாக வைத்திருக்கிற ஆண்கள் பல நாடுகளிலிருந்து வந்து மோதுகிற போட்டி. நல்ல முகூர்த்த சீசனாகப் போய்விட்டதால் லாட்ஜ் எல்லாம் கல்யாண வீட்டுக்காரர்கள் கையில். ஆட்டக்காரர்களைத் தங்கவைக்க வீடு வேண்டும் என்று கேட்டதும், இங்கிலீஷ் பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த பால்ச்சாமி முதல் ஆளாய்க் கை தூக்கிவிட்டார். இப்படித்தான் செக் நாட்டு மாரெக், தலை நிலைப்படியில் இடிக்க இடிக்க வெள்ளத்தாய் வீட்டுக்குள் நுழைந்தான். இரண்டாம் வேளைச் சோற்றிலேயே அவன் 'மாரி' ஆகிவிட்டான்.

ஒற்றையர் பிரிவில் யார் யாரோடு மோதுவது என்ற விவரம் வந்த அன்று, பால்ச்சாமி செல்போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

"ஏட்டி, மாரிக்கு மொத ரவுண்டு யாரோட தெரியுமா? நம்ம சீனியோட."

சீனிச்சாமி சோலைச்சாமியின் மகன். வெள்ளத்தாயின் அப்பா பெயரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள். பட்டாளத்தில் சேர்ந்து, அங்கேயே மட்டை பிடிக்கக் கற்றவனுக்கு, இப்போது சொந்த மாவட்டத்து ஆள் என்று இந்தப் போட்டியில் நேரடியாக இடம் கொடுத்திருந்தார்கள். அவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. தம்பியோடுதான் சண்டை. ஆனாலும் அந்தப் பிள்ளையின் முகத்தைக்கூட அவள் பார்க்காமல்தான் இருந்தாள். அவன் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு உயிரே துடித்தது. அழைக்காமல் எப்படிப் போவது?

சோலைச்சாமி அழைக்கத்தான் செய்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 'நாளை சீனி ஆட்டம், அனைவரும் வருக', கீழே இரண்டு கும்பிடு படம்.

"மறுபடியும் படத்தையே அனுப்பிட்டான் பாத்தீயளா!" என்று செல்லைக் கட்டிலில் எறிந்தாள் வெள்ளத்தாய்.

பால்ச்சாமி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ராத்திரிக்கு மாரிக்குக் கறிக்கொழம்பு கொஞ்சம் ஒறைப்பா வச்சா, காலைல சீனிக்கு வேலை மிச்சம்லா?"

"சீ, என்ன மனுசன் நீங்க! நம்ம வீட்டுச் சோத்தத் தின்னவன் அங்க போயி வயித்தப் பிடிச்சிக்கிட்டு நின்னா கேவலம் அவனுக்கா எனக்கா?"

அன்று ராத்திரி மாரெக்குக்கு இட்லியும் தயிரும் வாழைப்பழமும்தான். சாப்பிட்டு முடித்தவன் பையிலிருந்து இரண்டு பேர் போகிற பாஸ் ஒன்றை எடுத்தான். ஆட்டக்காரனின் வீட்டு ஆட்கள் உட்காருவதற்கான பாஸ். அதை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, "அம்மா, ப்ளீஸ், நீங்க வரணும்," என்று நீட்டினான். 'நீங்க வரணும்' என்பதைப் பால்ச்சாமியிடம் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான் பாவிப்பயல்!

"பாத்தீயளா? கடல் தாண்டி வந்த பிள்ளைக்கு மொறை தெரியுது. மம்சாபுரத்தானுக்குத் தெரியல. நான் போறேன்," என்றாள் வெள்ளத்தாய்.

மறுநாள் மாரெக்கின் ஆட்களுக்கான சாமியானாவுக்குள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பால்ச்சாமியோடு அவள் உட்கார்ந்தாள். எதிர்ச் சாமியானாவில் மம்சாபுரமே வேன் பிடித்து வந்திருந்தது. நடுவில் சோலைச்சாமி. அக்காள் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்ததும் அவன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. மாரெக் ஒரு பாயிண்ட் எடுத்தால் போதும், அவள் அங்கே கேட்கிறமாதிரி கை தட்டினாள். சீனி எடுத்தாலோ முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சேலைக்குள் கால்விரல்கள் மட்டும் குதியாட்டம் போட்டதை யார் கண்டது?

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் மாரெக் முந்திவிட்டான். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் அவனுக்கு. சர்வீஸ் சீனியுடையது. முதல் பந்து நெட்டில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தால் கதை முடிந்தது. சீனி பந்தைத் தட்டினான், நிறுத்தினான், உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். சின்னதில் நாய் குரைத்தால் அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒளிகிற பயல் அல்லவா அவன்!  அவள் எழுந்தே விட்டாள்.

"ஏலே சீனி! பயப்படாதலே! அத்த நான் இருக்கேம்லா!"

ஈ பறக்கிற சத்தம் கேட்கிற அமைதியில் அது ஊர்க்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். நடுவர் மைக்கில் அமைதி, அமைதி என்றார். மாரெக் திரும்பி, தான் பாஸ் கொடுத்த நாற்காலியிலிருந்தே எதிராளிக்கு ஆதரவு கிளம்பியதைக் கண்டு மட்டையைக் கீழே தொங்கவிட்டான். பால்ச்சாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கடைசியில் நடுவர், ஆட்டக்காரரின் கவனம் கலைந்துவிட்டது, முதல் சர்வீஸையே மறுபடியும் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

சீனி போட்டான் பாருங்கள் ஒரு பந்து! கோட்டில் பட்டுப் பறந்தது, மாரெக் நின்ற இடத்தில் நின்றான். பாயிண்ட் சமமாகிவிட்டது, மம்சாபுரம் எழுந்து ஆடியது. ஆனால் அவ்வளவுதான். சமமானால் அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் எடுக்கிறவனுக்குத்தான் ஆட்டம், அந்த இரண்டையும் மாரெக் எடுத்துவிட்டான்.

கை குலுக்கிவிட்டுச் சீனி நேராக அவளிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"எதிராளி சேர்ல உக்காந்துக்கிட்டு எனக்குக் கத்துதியே அத்த!"

"நான் ஒண்ணும் உனக்காக வரல. இவன் அழைச்சான், வந்தேன். உங்க வீட்டுல அழைச்சீயளா?"

 எதிரே சோலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டபடி வேனில் ஏறுவது தெரிந்தது. அவன் இந்தப் பக்கம் வருவான் என்று அவள் அவ்வளவு நேரமும் காத்திருந்தாள். வரவில்லை. ஆட்டத்தில் தோற்றவன் சீனி, அழுகை வந்தது என்னவோ அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் மாரெக்கிடம், "தப்பா எடுத்துக்கிடாதய்யா," என்றாள். அவன் சிரித்து, எங்கம்மா என்றால் மைதானத்துக்குள்ளேயே இறங்கியிருப்பாள் என்று இங்கிலீஷில் சொன்னதைப் பால்ச்சாமி தமிழில் சொன்னார்.  அதைக் கேட்டதும் அவள் அடுத்த ஆட்டத்துக்கு அவனிடம் இருந்த பாஸையெல்லாம் கேட்டு வாங்கினாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மம்சாபுரத்தில் சோலைச்சாமி வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. வெள்ளத்தாய் கையில் வெண்கலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாஸ்கள். சோலைச்சாமியும் அவன் பெண்டாட்டி பரிபூரணமும் சீனியும் வெளியே ஓடிவந்தார்கள். அவள் படி ஏறவில்லை. கீழே நின்றபடியே தட்டை நீட்டினாள்.

"நாளைக்கு எங்க வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டாவது ரவுண்டு. நீங்க குடும்பத்தோட வந்திருந்து நடத்திக் குடுக்கணும்."

"என் மகனத் தோக்கடிச்சவனுக்கு நான் கை தட்டணுமாக்கா?"

"மொறையா அழைச்சா தட்டித்தான் ஆகணும். இன்னைக்கு நான் தட்டல?"

சீனி பக்கென்று சிரித்துவிட்டான். சோலைச்சாமி சிரிக்கவில்லை.  தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். 

"அன்னைக்கு நான் இப்பிடி வந்து நின்னிருக்கணும்க்கா."

"நின்னிருக்கணும்லா?" என்று மூக்கை உறிஞ்சினாள் வெள்ளத்தாய். "சரி, தட்டப் பிடிச்சிக்கிட்டே நின்னா எப்பிடி? உள்ள வாக்கான்னு வாயத் தொறந்து சொல்லுலே. நீ அழைக்காம நான் வர மாட்டேன்."