கிருமி மேய்த்தவள்

அவர் மூச்சு நின்றபோது அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கையைப் பிடித்திருந்த மனைவி, காலடியில் மகள், தலைமாட்டில் அக்கா, ஊசியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா, ஆக்சிஜன் சிலிண்டரை மாற்ற உதவிக்கு வந்த மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார். பின்னால் பலரும் தாங்களும் இருந்ததாகச் சொன்னார்கள். இல்லை. இந்த ஐந்து பேர்தான்.

காலை ஆறரை மணி. அக்கா தம்பியின் கண்ணிமைகளை மூடினாள். முப்பத்திரண்டு வருடம் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் லேபில் டெக்னீஷியனாக இருந்த கை அது. சுவரில் ஆணியில் ஒரு வெள்ளை கோட் தொங்கியது. முந்தின நாள் மாலை மகள் இஸ்திரி போட்டு மாட்டியது. அதை எல்லாரும் பார்த்தார்கள். அது எதற்கு என்று மகளைத் தவிர அக்காவுக்கு மட்டுமே தெரிந்தது. இன்று பத்து மணிக்கு மகளுக்கு டாக்டர் படிப்பின் நுண்ணுயிரியல் செய்முறைத் தேர்வு. தவறினால் ஆறு மாதம் போகும், கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள்.

மகள் அப்பாவின் கால்விரல்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தம்பி பஸ் டிரைவர். நுரையீரல் கெட்டு, மூன்று மாதமாகக் கட்டிலோடு கிடந்தான். அந்த மூன்று மாதமும் மகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சத்தம் போட்டுப் படித்தாள். அட்டைகளில் கலர் பென்சிலால் கிருமிகளை வரைந்து கொடுப்பாள். அவன் ஒவ்வொன்றாக நீட்டிக் கேள்வி கேட்பான். ஊதாவில் திராட்சைக் கொத்து, ஊதாவில் மணிமாலை, சிவப்பில் தீக்குச்சிகள். அவள் பெயர் சொல்வாள். வாயில் நுழையாத அந்தப் பெயர்களைத் தானும் சொல்லிப் பார்த்து, இருமி, சிரிப்பான். இரண்டாம் வருடத்திலேயே அவளை ‘டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

அதே கிருமிகள்தான். தன் கல்யாணத்தன்று பெண் வீட்டார் கூட்டத்தில், அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாரோ கேட்டதற்கு, “எங்கக்காவா, கிருமி மேய்க்கிறா” என்றான். சபையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அந்தச் சம்பளத்தில்தான் அவன் லைசென்ஸ் எடுத்தான் என்பதை அவள் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. வீட்டு விஷயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

போன மாதம் மகள் அப்பாவிடம் அழுதது அடுப்படியில் இருந்த அக்காவின் காதில் விழுந்தது. ஸ்லைடில் ஊதாச் சாயம் ஏற்றி, ஸ்பிரிட் விட்டுக் கழுவும்போது அவளுக்கு மட்டும் எல்லாம் கழுவிப் போய்விடுகிறதாம். கடைசியில் விடும் சிவப்புச் சாயம் ஏறி, ஊதாவாக நிற்க வேண்டிய கிருமி சிவப்பாகத் தெரிகிறதாம். மூன்று தடவை அப்படியே. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்து அதைத் திருத்தியவள் அக்கா. ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். கேட்கட்டும் என்று இருந்தாள். யாரும் கேட்கவில்லை. மறுநாளும் பருப்பைக் கழுவிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

நேற்று மாலைகூட, மூச்சுக்கு மூச்சு அவன் கேட்டது, “டாக்டர் வந்துட்டாளா?” பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது அக்காதான்.

மணி ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தேர்வு தவறிவிடும். யாரும் குறை சொல்லப் போவதில்லை. அக்கா மூன்று தடவை கடியாரத்தைப் பார்த்தாள்.

கணக்கு வாத்தியார் நல்ல மனிதர். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, தம்பி மனைவியிடம் ஆறுதலாகப் பேசினார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் போய்விட்ட பிறகு இன்னும் மூன்று நான்கு வருடப் படிப்பு எதற்கு என்றார்.

“அவங்க அத்தை மாதிரி ஏதாவது லேப் வேலைக்குப் போனாக்கூடப் போதும்மா. கௌரவமா பொழச்சுக்கலாம்.”

அக்கா எழுந்தாள். ஆணியிலிருந்து கோட்டை எடுத்து உதறினாள்.

“எழுந்திரு. முகத்தைக் கழுவு.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நாலு மணிக்கு மேலதான் எடுக்கறது. பரீட்சை ஒரு மணிக்கு முடிஞ்சுடும். இந்த வீட்ல யாரும் எதையும் பாதியில விட்டதில்ல.”

தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அப்படியே தலையை மட்டும் ஆட்டினாள். “கூட்டிட்டுப் போங்க அண்ணி.”

இருவரும் ஆட்டோவில் போனார்கள். கல்லூரிப் படிக்கட்டில்தான் அக்காவுக்கு வாய் திறந்தது. ஒரு மாதமாக அடக்கி வைத்தது, சாவு நாளில், கேட்காமலே வந்தது.

“ஸ்பிரிட் விடும்போது கடியாரத்தைப் பாக்காத. கீழ வழியுது பாரு, அதைப் பாரு. அதுல ஊதா வர்றது நின்னதும் தண்ணியை விட்டுடு.”

“தெரியும் அத்தை. அப்பா சொன்னாரு.”

“யாரு?”

“அப்பா. போன வாரம். நீங்க எப்பவோ சாப்பிடும்போது சொன்னீங்களாம்.”

அக்கா யோசித்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சொன்னாள்தான். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் அதை வைத்திருந்தவன், மூன்று மாதம் பக்கத்திலேயே இருந்த அக்காவிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதையும் மகளுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

“சரி. போ” என்றாள்.

லேப் வாசலில் இப்போதைய டெக்னீஷியன் ஓடி வந்தாள். அக்கா பழக்கிவிட்ட பெண். விஷயம் கேட்டுக் கண் கலங்கியவள் குரலைத் தாழ்த்தினாள். “மேடம், நம்ம வீட்டுப் பொண்ணு. நல்ல ஸ்லைடா ஒண்ணு வெச்சுடட்டுமா? யாருக்கும் தெரியாது.”

“வேண்டாம். அவ போடறதையே அவ காட்டட்டும்.”

மானத்துக்காகச் சொன்னாளா, சிவப்பாக வரட்டும் என்று சொன்னாளா என்பது அந்த நேரத்தில் அவளுக்கே தெரியாது.

எதிரே மர பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவின் கண்ணாடி வழியாக மகளின் முதுகும் குனிந்த கழுத்தும் தெரிந்தன. உள்ளே எல்லாரும் சுவர்க் கடியாரத்தைப் பார்த்தார்கள். மகள் மட்டும் ஸ்லைடிலிருந்து தொட்டிக்குள் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே ஊரில் இரண்டு பேச்சு கிளம்பிவிட்டது. அப்பன் உடம்பு வீட்டில் கிடக்க மகள் பரீட்சைக்கு ஓடினாள் என்பது ஒன்று. ஓடவில்லை; அத்தை கூட்டிப்போனாள். பழைய உத்தியோகத்தை வைத்து அத்தை உள்ளே புகுந்து ஸ்லைடைப் போட்டுக் கொடுத்தாள் என்பது இன்னொன்று. அதுவும் பொய். ஸ்லைடைப் போட்டது மகளேதான். ஊதா ஊதாவாகவே இருந்தது. அத்தை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை.