மெம்பரின் கட்டைவிரல்

மூன்றாவது தடவையும் மகள் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அப்பாவின் இடது கட்டைவிரலில் இருந்த ஊதா மை போவேனா என்றது. முந்தாநாள் கூட்டத்தில் வைத்த மை.

"விடும்மா, அதோடயே போகட்டும்" என்றாள் அம்மா, அவருடைய வீங்கிய கால்களில் தண்ணீரை ஊற்றியபடி.

ஐந்து வருஷமாக அவர் ஊராட்சி மன்றத்து மெம்பர். பேருக்குத்தான். காட்டுச் சனத்துக்கென்று சட்டம் கொடுத்த இடம் அது. மற்ற எட்டுப் பேருக்கும் நாற்காலி, இவருக்குக் கதவோரம். கூட்டம் முடியும்வரை நின்றுவிட்டு, நீட்டிய தாளில் விரலை வைத்துவிட்டு வருவார். "மெம்பரே, இன்னிக்கு எத்தனை மணி நேரம் நின்னீங்க?" என்று குடியிருப்பே கேலி பண்ணும். அவரும் சிரிப்பார்.

இரண்டு மாதம் முன்பு குடியிருப்பில் இருந்த நர்ஸ் அறையைப் பூட்டி, மருந்து பீரோவை வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். தடுக்கப் போன மகளிடம் மன்றத்துக் குமாஸ்தா ஒரு தாளைக் காட்டினார். மாற்றச் சொல்லித் தீர்மானம், அடியில் அப்பாவின் ரேகை. நர்ஸை நிரந்தரமாக்கும் தாள் என்று சொல்லி வாங்கியிருந்தார்கள். தன் கையே தன் கண்ணைக் குத்திவிட்டது.

"படிக்கத் தெரியாது, சரி. கேக்க வாய் கூடவா இல்ல?" என்று அன்று கத்தினாள்.

"நிக்கிறவனுக்கு யாரும்மா படிச்சுக் காட்டுவாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவளும் சரியாகப் பேசவில்லை.

நேற்றுக் காலை அவருக்கு நெஞ்சுவலி. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். காட்டாளுங்க கடைசியில் என்று வராந்தாவில் உட்கார வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் உள்ளே போய் மருந்தோடு திரும்பினார்கள். பதினொன்றரைக்கு அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்றே நினைத்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. சாவு வீட்டுக்கென்று மன்றத்திலிருந்து பத்து நாற்காலிகள் வந்து இறங்கின, கூடவே குமாஸ்தாவும். துக்கம் விசாரித்தார். பிறகு, அடக்கத்துக்கு முன்னால் வீட்டாள் ஒருத்தர் ரேகை வைக்க வேண்டும், வழக்கமானதுதான் என்று ஆஸ்பத்திரித் தாள் ஒன்றை எடுத்து, மை டப்பாவைத் திறந்து நீட்டினார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மகள் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். இன்னொன்றை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தாள். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"படிங்க."

"உனக்குத்தான் படிக்கத் தெரியுமேம்மா."

"நீங்க படிங்க. மொதல்லேர்ந்து."

குமாஸ்தா நின்றபடி படித்தார். பெயர், வயது, தேதிவரை குரல் நன்றாகத்தான் வந்தது. 'உயிர் பிரிந்த பிறகே உறவினர்களால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார்' என்ற இடத்தில் இறங்கிவிட்டது.

"அந்த வரிய மறுபடி படிங்க" என்றாள். "எங்கப்பாவுக்கும் கேக்கட்டும்."

அவர் உட்கார இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தார். பத்து நாற்காலியிலும் ஆள் இருந்தது. மை டப்பா வெயிலில் திறந்தபடி காய்ந்துகொண்டிருந்தது.