மூன்று பேராய்ப் போன சனிக்கிழமை

பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, கெலாங் பாத்தா பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் சினிமா ஸ்டூடியோ பார்க்குக்குப் போகவேண்டும் என்றான் ரூபேந்திரன். கொஞ்சம் தயங்கி, தங்கச்சி இல்லாமல் போகலாமா என்றும் கேட்டான்.

அம்மா யோகேஸ்வரி அவனைத் திட்டவில்லை. போன வருடம் மெர்சிங் படகுத்துறையில் படகு ஹாரன் அடித்ததும் தங்கச்சி லோஷினி தரையில் விழுந்து அலறினாள். தீவுக்குப் போகாமலே குளுவாங் வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் பையன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

லோஷினிக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு கொஞ்சம்தான், காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வாள். பெரிய சத்தம் ஆகவே ஆகாது. ஆனால் அம்மா ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை அப்படியே நம்புவாள்.

சனிக்கிழமை காலை அவளைப் பார்த்துக்கொள்ள, அடுத்த லோரோங் சந்திலிருந்து கணவன் சுகுமாறனின் அக்கா பிரேமலா வந்துவிட்டார். யோகேஸ்வரி காய்கறிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு மகளின் முன் குனிந்து, "அம்மா பசாருக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள். உண்மையைச் சொன்னால் தானும் வருகிறேன் என்று கார்க்கதவைப் பிடித்துக்கொள்வாள். சுகுமாறன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் காரை எடுத்தான்.

பார்க்கில் முகப்புச் சுவர் மட்டும் உள்ள பொய்த்தெருக்கள், கார் எகிறி விழும் சண்டைக்காட்சி, காது கிழியும் வெடிகள். ரூபேந்திரன் முன்வரிசையில் நின்று விசிலடித்தான். யோகேஸ்வரி வெகுநாளைக்குப் பிறகு இரண்டு கைகளையும் வீசி நடந்தாள். யாருடைய மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு தட்டு மீ கோரேங்கைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தாள். சிரித்தாள். கடிகாரத்தைப் பார்த்தபோது மணி இரண்டரை. பன்னிரண்டிலிருந்து லோஷினியின் நினைப்பே வரவில்லை என்பது அப்போதுதான் சுருக்கென்றது. போனை எடுத்தாள். பிள்ளை லைனுக்கு வந்துவிட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

கடைசியாக, படத்தில் மழை பெய்விப்பது எப்படி என்று காட்டினார்கள். கூட்டத்திலிருந்து இவர்கள் மூவரையும் மேடைக்குக் கூப்பிட்ட தொகுப்பாளர், அவளிடம் மைக்கை நீட்டி, எத்தனை பிள்ளைகள் என்று மலாயில் கேட்டார்.

"ஒண்ணுதான்" என்று அவளும் மலாயில் சொன்னாள்.

கூட்டம் கைதட்டியது. சுகுமாறன் குனிந்து தரையைப் பார்த்தான். மேலே குழாய்கள் திறந்து, விளக்கொளியில் மழை மெல்ல இறங்கியது. இரைச்சலே இல்லாத மழை. லோஷினிக்கு மழையென்றால் உயிர். யோகேஸ்வரி அழுதாள். முகம் நனைந்திருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

திரும்பும்போது ஆயர் ஹீத்தாம் தாண்டியபிறகுதான் ரூபேந்திரன் வாயைத் திறந்தான்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சுய்யா."

"நான்தானே அவ வேணாம்னு கேட்டேன்."

"நீ ஒரு நாளைக்குக் கேட்ட. நான் சொன்னது அப்படி இல்ல."



வீட்டை அடைந்தபோது மணி ஆறரை. இரும்பு கேட்டுக்கு உட்புறம், வெறும் சிமெண்டில் லோஷினி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு நகரவில்லை, சோற்றுக்கு வாயே திறக்கவில்லை என்றார் பிரேமலா. 'பசாருக்குப் போயிட்டு வந்துடறேன்' என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். போன் செய்து பையனின் நாளைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாராம்.

யோகேஸ்வரி மகளுக்கு எதிரே அதே சிமெண்டில் உட்கார்ந்தாள்.

"அம்மா பசாருக்குப் போகல. பொய் சொன்னேன்."

பிள்ளையிடம் போய் இதையெல்லாம் சொல்லுவானேன் என்று பிரேமலா கடிந்துகொண்டார். லோஷினி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். பிறகு அதே குரலில், அதே இழுப்பில், "பொய் சொன்னேன்" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து உள்ளே வந்தாள், ஊட்டிய சோற்றைச் சாப்பிட்டாள். ரூபேந்திரன் கேட்காமலே முட்டை பொரித்துக் கொண்டுவந்து தங்கச்சியின் தட்டில் வைத்தான்.

அந்த வாரம் முழுக்க லோஷினி அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். குளிக்கும்போது, பள்ளி வேனுக்கு நிற்கும்போது, ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்திருந்தபோதும். ஒவ்வொரு முறையும் யோகேஸ்வரி "ஆமா" என்றாள். சுகுமாறன் ஒருநாள், போதும் விடு என்றான். சொல்கிறவரைக்கும் சொல்லட்டும் என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை உண்மையாகவே பசாருக்குக் கிளம்பி, சீக்கிரம் வந்துவிடுவேன் என்று மகளிடம் சொன்னாள். முன்பெல்லாம் அது கேட்டதும் லோஷினி தன் பாட்டுக்கு விளையாடப் போய்விடுவாள். இப்போது அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அம்மாவுக்கு முன்பே போய், காரின் பின்கதவுப் பிடியில் கையை வைத்து நின்றுவிட்டாள். யோகேஸ்வரி கதவைத் திறந்துவிட்டாள்.