சகலை சொன்ன அறை

என் மாமியாருக்குக் காது மந்தம். பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். எனக்கு அது ஒரு விதத்தில் வசதி. அவர் அருகில் உட்கார்ந்து, என் சகலையைப் பற்றி வாய்க்கு வந்ததை முணுமுணுப்பேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். வயிற்றெரிச்சலை இறக்கி வைக்க மனிதனுக்கு ஓர் இடம் வேண்டாமா?

சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். முன்பு அது செருப்புக் கடை. காலி செய்தவர்கள் விட்டுப்போன அலமாரிகளுக்கு வெள்ளை அடித்து, மேலே விளக்கு மாட்டி, அதிலேயே கண்ணாடிகளை அடுக்கிவிட்டான். வயரிங் செலவைக் கட்டட உரிமையாளர் தலையில் கட்டினான். "ஒயர் செவுத்துக்குள்ள போகுது சார், நான் காலி பண்ணாலும் அது உங்களுக்குத்தானே" என்றானாம். அவரும் சரி என்றாராம். கடை திறக்கும் நாளிலிருந்துதான் வாடகை என்றும் பேசி முடித்துவிட்டான். இந்தக் கதையைச் சொல்லாத வாய் எங்கள் குடும்பத்தில் இல்லை. மாமியார் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். "சின்ன மாப்பிள்ளை கெட்டிக்காரர்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

செருப்பு வைத்த தட்டில் கண்ணாடி விற்கிறான் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்து வந்தவன். சொந்தமாகக் காது மிஷின் கடை வைக்க வேண்டும் என்பது என் கனவு. மாமியாரைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், "நீங்க கடை திறங்க மாப்பிள்ளை, முதல் ஆளா நான் வர்றேன்" என்பார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. காரணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

சகலை கடைக்கு அடுத்த இடம் காலியானது. அங்கே குரல் பதிவு செய்யும் ஸ்டூடியோ நடந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு அந்த இடத்தைப் பிடித்தேன். சாவி வாங்கிய அன்றே சகலை வந்து மூக்கை நுழைத்தான்.

"சகலை, உள்ள ஒரு ரூம் இருக்கே, பாத்தீங்களா? கதவை மூடினா வெளிய லாரி போறதுகூடத் தெரியல. காது டெஸ்ட்டுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு. அதைத் தொடாதீங்க, செவுத்துல துணிய மட்டும் மாத்துங்க. பாதி செலவு மிச்சம். மத்ததுக்கு ஓனர்கிட்ட நான் பேசட்டா?"

அவன் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நானே அந்த அறையை வைத்துக்கொண்டிருப்பேன். இனி வைத்துக்கொண்டால், காலம் முழுக்க அது சின்ன மாப்பிள்ளை யோசனை.

"எல்லாத்தையும் உடைச்சுடுங்க" என்றேன் வேலையாட்களிடம்.

"உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றாள் மனைவி.

மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த புத்தம்புது பரிசோதனை அறை ஒன்றைப் படத்தில் பார்த்து வைத்திருந்தேன். அதற்கு முன் தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், புதுக் கூரை, புது விளக்கு, புதுத் தரை. உரிமையாளரிடம் ஒரு ஆணிகூடக் கேட்கவில்லை. அவனைப் போல நானும் பல்லைக் காட்டுவதா? சாவி வாங்கிய நாளிலிருந்தே வாடகையும் ஓடியது. தரை போட்டு முடிக்கும்போது கை சுத்தமாகக் காலி. பரிசோதனை அறை படத்திலேயே நின்றுவிட்டது.

இதற்கிடையே சகலை என் வேலையாட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பழைய அறையின் பலகைகளையும் கதவையும் தன் கடைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டிருந்தான். "குப்பை பொறுக்குறான் பாருங்க" என்று மாமியாரிடம் முணுமுணுத்தேன். அவர் தலையாட்டினார்.

சொன்னபடி முதல் ஆளாக மாமியார்தான் வந்தார். நடுக் கூடத்தில் நாற்காலி போட்டு, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். நான் பொத்தானை அமுக்கும் முன்பே தூக்கினார்.

"இப்ப ஒண்ணுமே வைக்கலையே அத்தை!" என்று கத்தினேன்.

"பஸ்ஸு ஹாரன் அடிச்சான் மாப்பிள்ளை."

அடுத்து லாரி. அடுத்து கண்ணாடிச் சுவரே அதிர்ந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. பரிசோதனை இல்லாமல் மிஷின் விற்க முடியாது. விற்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. "கண்ணாடி அழகா இருக்கு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார் மாமியார்.

மறுநாள் காலையில் தச்சரையும் தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு சகலை வந்து நின்றான். வண்டியில் அதே பலகைகள், அதே கனத்த கதவு.

"உடைக்க மனசு வரல சகலை. ஒவ்வொண்ணா ஸ்க்ரூ கழட்டித்தான் எடுக்கச் சொன்னேன். எது எங்க வரும்னு பின்னாடி அடையாளமும் போட்டிருக்கு."

அவன் முகத்தில் ஒரு நக்கல்கூட இல்லை. நான்கு வார்த்தை திட்டியிருந்தால் அவனை மன்னித்திருப்பேன். ஒரு பகலில் அறை எழுந்து நின்றது.

மாமியாரை உள்ளே உட்காரவைத்துக் கதவை மூடினேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் சரியாகக் கை தூக்கினார். மிஷினைப் பொருத்தினேன். கையை அசைத்தவர் திகைத்துப்போனார்.

"என் வளையல் இவ்வளவு சத்தமா போடுது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாக அந்த நேரம் சகலையை மறந்தே போனேன். அப்போது கதவைத் திறந்து அவன் தலையை நீட்டினான். பழக்கதோஷம். என்னைக் கேட்காமலே என் வாய் முணுமுணுத்தது.

"வந்துட்டான் செருப்புக் கடைக்காரன், பேர் வாங்கிக்க."

மாமியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஓகோ. இத்தனை வருஷமா என் பக்கத்துல உக்காந்து சொன்னதெல்லாம் இதுதானா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"என்ன அத்தை?" என்றான் சகலை வாசலிலிருந்து.

அவர் என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. இந்த ரூம் உங்களாலதான் கிடைச்சுதுன்னு பெரிய மாப்பிள்ளை புகழ்ந்துக்கிட்டு இருக்காரு. இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை, அவரும் கேக்கட்டும்."

வேறு வழி? சொன்னேன். அந்தப் பாழாய்ப்போன அறையில் ஒரு எழுத்துகூட வீணாகவில்லை.