நேரடிக் கொள்முதல்

மீன் கடைக்காரருக்கு மீன் வாடையே ஆகாது. இருபது வருடமாக வெட்டி விற்றும் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. டாக்டரோ, "ஒமேகா சத்து கம்மியா இருக்கு, மீன் எண்ணெய் மாத்திரை போடுங்க" என்றார். முதல் மாத்திரையின் ஏப்பத்திலேயே மனிதர் சுருண்டு படுத்துவிட்டார். மனைவி அதற்குப் பதிலாக, அதே சத்துள்ள கடல்பாசி எண்ணெய் மாத்திரை வாங்கித் தந்தாள்.

மறுநாள் காலை கடையில் அதை விழுங்கும்போது, வாடிக்கையாக வரும் பெண்மணி பார்த்துவிட்டார். புட்டியை வாங்கிப் படித்தார்.

"என்னண்ணே, எங்களுக்கு மீனு, உங்களுக்குப் பாசியா?"

கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "மீனுக்கே அந்தச் சத்து பாசியிலேருந்துதாம்மா வருது. நான் நேரா அங்கயே வாங்கிக்கிறேன்."

"அப்போ இது வெறும் புரோக்கரா?" என்று அந்த அம்மாள் கையிலிருந்த மீனை ஐஸில் திரும்ப வைத்தார். வரிசையில் நின்ற நான்கு பேரும் புட்டியைப் படம் எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினார்கள்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?"

"உண்மையைத்தானே சொன்னேன்?"

"அதை வீட்டுல வந்து சொல்லுங்க, வியாபாரத்துல எதுக்கு?"

சாயங்காலம் வரை அவர் கடையில் ஈ ஓட்டினார். உடம்புக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.